நினைத்தாலே வரும் காற்று

9

"அந்தப் பெட்டியத் திறக்கணும்மா. அப்பாவக் கொன்னது நான்தானான்னு எனக்குத் தெரியணும்."

சபீன் வாசலில் நின்று இதைச் சொன்னதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். தோளில் ஒரு பை. முடியெல்லாம் கலைந்து முகத்தில் விழுந்து கிடந்தது. அன்று விடியும்போதே வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்த்ரால் காற்று பிடித்துக்கொண்டுவிட்டது.

"முதல்ல உள்ள வா. கதவைச் சாத்தணும், மேஜைமேல இருக்கறதெல்லாம் பறக்குது" என்றேன்.

மாதக்கணக்கில் வராத மகள் வந்து நின்று இப்படி ஒரு வார்த்தை சொன்னால் தாய் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது அதுதான்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் கணவர் ரெமி, கடலுக்கடியில் இறங்குகிறவர்கள் மூச்சு விட மாட்டிக்கொள்ளும் ரெகுலேட்டர்களில் பழையவற்றைப் பழுது பார்த்தவர். சிலிண்டரில் அடைத்த காற்று அப்படியே வாய்க்கு வந்தால் நெஞ்சைக் கிழித்துவிடும். அதை அடக்கி, ஆள் இழுக்கும்போது மட்டும், இழுக்கிற அளவுக்கு மட்டும் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. இன்றைக்குக் கடையில் கிடைப்பது வாயோடு ஒட்டிய கையடக்கச் சாமான். ரெமியிடம் வந்தவை எங்கள் அப்பாக்கள் காலத்தவை. பிடரிக்குப் பின்னால் உட்காரும் வட்டமான பித்தளைப் பெட்டி. அதிலிருந்து இரண்டு தோள்களின் மேலாக வாய்க்கு வரும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்கள். வலது குழாயில் மூச்சு வரும், இடது குழாயில் போகும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி, அவ்வளவுதான்.

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ரெமி தன் சொந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். நல்லபடியாக ஏறி வந்தார். படகில் உட்கார்ந்தார். தம்பி லுசியானிடம், "இன்னிக்கு இழுக்கக் கஷ்டமா இருந்துச்சுடா" என்றார். காபி கேட்டார். லுசியான் பிளாஸ்கைத் திறந்து ஊற்றித் திரும்புவதற்குள் போய்விட்டார்.

இதயம் என்று டாக்டர் சொன்னார். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

ஆனால் அந்த வாரம் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பூட்டியவள் சபீன். படகில் கயிறு சுற்றும் விஞ்சில் சிக்கி ரெமியின் வலது கட்டைவிரல் நசுங்கியிருந்தது. பெட்டியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளைக் குறட்டால் அழுத்த அவரால் முடியவில்லை. மகள் செய்தாள். அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைச் சவ அடக்கத்தன்று லுசியான் எல்லோரிடமும் சொல்லி அழுதபோது சபீன் என் பக்கத்தில்தான் நின்றாள். அடுத்த வாரமே லியோனுக்குப் போய் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையில்தான் வாசலில் நின்று சொன்னாள்.

அடுப்பில் காபி வைத்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கே இருக்கு அது?"

"அலமாரியில. படுக்கை விரிப்புக்கெல்லாம் பின்னால. அவரு துண்டுலயே சுத்தி வச்சிருக்கேன்."

"கழுவினியா?"

நான் கோப்பைகளை எடுத்து வைத்தேன்.

"அம்மா! உப்போடவா வச்சிருக்கே? அக்டோபர்லேருந்தா?"

"ஆமா."

"வேற யாராவது இப்படி வச்சிருந்து கொண்டுவந்தா அப்பா என்ன சொல்லுவாரு?"

"'அதக் கடல்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே, மீனாவது கழுவி வச்சிருக்கும்'னு சொல்லுவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடலிலிருந்து வந்த பெட்டியை நல்ல தண்ணீரில் அலசாமல் வைப்பது எங்கள் வீட்டில் பாவம். செருப்போடு படுக்கையில் ஏறினாலும் ரெமி மன்னித்திருப்பார். இதை மன்னித்திருக்க மாட்டார். உப்பு பித்தளையைத் தின்னும், ரப்பரைப் பிசுபிசுப்பாக்கும். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இறங்குவதற்கு முன் வயிறு புரளாமல் இருக்க ரெமி சோம்பு மெல்வார். அவர் விட்ட மூச்செல்லாம் அந்த இடது குழாய் வழியாகத்தான் போயிற்று. அந்தக் குழாயின் வாயில் மூக்கை வைத்தால் ரப்பர், உப்பு, அதற்குள்ளே எங்கேயோ சோம்பு. அலசினால் அது போய்விடும்.

இதை நான் சபீனிடம் சொன்னேன். நேராகச் சொல்லவில்லை, காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னேன்.

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"திறக்காம எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "நான் லீவர எவ்வளவு உயரத்துல வச்சேன்னு எனக்கே இப்ப நிச்சயமா சொல்ல முடியல. கொஞ்சம் தாழ்வா வச்சிருந்தா இழுக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டப்பட்டு இழுத்தா நெஞ்சு என்ன ஆகும்?"

"டாக்டரு இதயம்னுதானே..."

"இதயம் சும்மாவா நின்னுது?"

ஆனாலும் அலமாரிச் சாவியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

*

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு லுசியான் வந்தான். அந்தக் காற்றில் ஊர்சினியேர் துறையை விட்டு ஒரு படகும் போகவில்லை. ஆண்களெல்லாம் வேலையற்று வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில், வெட்டிப் பொரித்துத் தின்னும் கடலை மாவுப் பனிஸ் இரண்டு உருளை, காகிதத்தில் சுற்றியது.

"யாரு இது, லியோன்காரியா? பேச்சுலகூட வடக்கு வாடை அடிக்குதே!"

"நான் இன்னும் வாயே திறக்கல சித்தப்பா."

"திறக்காமலே அடிக்குது. அதத்தான் சொல்றேன்."

அவளை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். பிறகு தள்ளி நிறுத்திப் பார்த்தான். "இளைச்சிட்டே. அங்கே என்ன, வெண்ணெயத் தவிர வேற எதுவும் தர மாட்டாங்களா? வாடி இவளே, ஞாயித்துக்கிழமைக்குச் சரியா வந்துட்டே. உங்கம்மாவ நான் எத்தனை தடவை கேக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் முக்குளிப்போர் சங்கத்தின் வருடாந்தர முழுக்கு. பழைய பெட்டிகளோடு மட்டும் இறங்குவார்கள். அந்த வருடத்தில் யாராவது இறந்திருந்தால் அவருடைய பெட்டியை அவர் வீட்டு ஆள் ஒருவர் மாட்டிக்கொண்டு ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும். அதற்குப் பிறகு பெட்டி அந்த ஆளுடையது. யாரும் இறங்கவில்லை என்றால் அது சங்கக் கட்டடத்தின் கண்ணாடி அலமாரிக்குப் போகும். அங்கே போன பெட்டி எதுவும் பிறகு ஈரத்தைக் கண்டதில்லை.

"இறங்கறதப் பத்தி அப்புறம்" என்றாள் சபீன். "முதல்ல அதத் திறந்து பாக்கணும்."

லுசியான் பனிஸை வெட்டுவதற்காகக் கத்தியை எடுத்திருந்தான். அதைக் கீழே வைத்தான்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு? தண்ணில ஒரு முக்கு முக்கினாப் போதும்."

"இத்தனை மாசம் உப்போட கிடந்த பெட்டியவா? நீங்களா பேசறீங்க?"

"இல்ல... அண்ணன் கை பட்டது. அப்படியே இருக்கட்டுமே."

"கடைசியாப் பட்டது என் கை சித்தப்பா."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"அப்படின்னா சங்க அலமாரிக்கே போகட்டும் அண்ணி. அதுவும் மரியாதைதான்."

இரண்டு மாதமாக அந்த அலமாரிக்கு அண்ணன் பெட்டி போகக் கூடாது என்று என்னைத் துளைத்தெடுத்தவன் இவன். சாப்பிட உட்காரக்கூட இல்லை. படகைக் கட்டிய கயிற்றைப் பார்க்க வேண்டும் என்றான். வெளியே போனதும் காற்று கதவை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சாத்தியது.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்றாள் சபீன்.

"காத்தடிச்சா எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன். எனக்கே அது சரியாகப் படவில்லை.

*

சாப்பிட்ட பிறகு அவளைக் காணவில்லை. பட்டறையில் விளக்கு எரிந்தது.

பட்டறை என்பது வீட்டை ஒட்டிய பழைய கார் கொட்டகை. சுவரெல்லாம் குழாய்கள் தொங்கும். தெரியாதவர்கள் உள்ளே வந்தால் பாம்புப் பண்ணையோ என்று நினைப்பார்கள். ரெமி போனபிறகு தூசி துடைக்க மட்டும்தான் நான் அதற்குள் போவேன். சபீன் சுவரிலிருந்த யாருடைய பெட்டியையோ சிலிண்டரில் மாட்டி, குழாயை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மூச்சு இழுத்தாள். பாதியில் நின்றது. வாயிலிருந்து எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி பாதி.

நான் வாசலில் நிற்பதை அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்" என்றாள், திரும்பாமலே. "இழுக்க ஆரம்பிச்ச உடனே அப்பா அதச் சொல்றாரு. கஷ்டமா இருந்துச்சுடான்னு. மாடிப்படி ஏறும்போதும் வருது. ராத்திரி படுத்தாலும் வருது. எனக்கு முழு மூச்சு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சும்மா."

நடக்கப் பழகும் முன்பே தண்ணீரில் விட்ட குழந்தை அவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் நட்சத்திர மீனைத் தூக்கிக்கொண்டு வருவாள். கரையில் நிற்கிற எனக்குத்தான் மூச்சு நின்றுவிடும்.

நான் வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்தேன். விரிப்புகளை ஒதுக்கித் துண்டோடு பெட்டியை எடுத்தேன். முகத்தை வைத்து ஒரு முறை மோந்தேன். பிறகு கொண்டுபோய் அவள் முன்னால் பட்டறை மேஜைமேல் வைத்தேன்.

சபீன் துண்டை மெல்லப் பிரித்தாள். பித்தளை ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. முதல் வேலையாகச் சிறு ஸ்பேனரால் பட்டையைத் தளர்த்தி இடது குழாயை மட்டும் கழற்றினாள். அதை அலசவில்லை, துடைக்கவில்லை. இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"இது உனக்கு. இதுல யாரும் தண்ணி விட மாட்டாங்க. பெட்டிக்கு வேற குழாய் போட்டுக்கறேன்."

நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரெமியின் முக்காலியில் உட்கார்ந்தேன்.

கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூடி விட்டு வர மாட்டேன் என்றது, உப்பு கட்டியிருந்தது. மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டினாள், முட்டை ஓட்டைத் தட்டுவதுபோல. மூடி வந்தது. உள்ளே தட்டு அகல ரப்பர் சவ்வு. மூச்சை இழுக்கும்போது அந்தச் சவ்வு உள்வாங்கி, அடியில் இருக்கும் லீவரை அழுத்தும்; லீவர் அழுந்தினால் காற்று திறக்கும். அந்த லீவர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாழ்ந்தால் ஆள் கஷ்டப்பட்டு இழுக்க வேண்டும். அளவுக்கு மேல் உயர்ந்தால் இழுக்காமலே காற்று கொட்டும். ரெமி தன்னுடையதைக் கொஞ்சம் தாழ்வாகத்தான் வைத்துக்கொள்வார். சுலபமாகக் கிடைக்கிற காற்று சோம்பேறிகளுக்கு என்பார்.

சபீன் சவ்வின் ஓரத்தைப் பிடித்தாள். தூக்கவில்லை.

"தாழ்வா இருந்துச்சுன்னா?" என்றாள்.

"இருந்தா இருக்கட்டும். நான் இங்கேதான் உக்காந்திருக்கேன்."

தூக்கினாள். இரும்பு ஸ்கேலை எடுத்துப் பெட்டியின் விளிம்பில் குறுக்கே வைத்தாள். குனிந்து பார்த்தாள். ஸ்கேலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"என்ன?" என்றேன்.

"இது நான் வச்சது இல்ல."

"சரியாப் பாரு."

"வந்து நீயே பாரேன். ஸ்கேலுக்கும் லீவருக்கும் நடுவுல ஒரு தடிச்ச அட்டை போற அளவு சந்து இருக்கணும். அப்பாவுக்குன்னா ரெண்டு அட்டை. இங்கே பாரு, ஸ்கேலத் தொட்டுக்கிட்டு நிக்குது. லீவர யாரோ மேல வளைச்சிருக்காங்க." லீவரின் அடியில் இருந்த நட்டின் மேல் விரலை வைத்தாள். "நட் நகராம இருக்கறதுக்கு என் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சேன். ஊதா. அப்பா கிண்டல் பண்ணாரு. அது உடைஞ்சிருக்கு பாரு. எனக்கப்புறம் திறந்திருக்காங்க."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

அவள் லீவரின் முனையை நுனிவிரலால் தொட்டாள். அது சட்டென்று தாழ்ந்து நிமிர்ந்தது.

"இதுல இழுக்கவே வேண்டாம்மா. நினைச்சாலே போதும், காத்து வந்துடும். இதுக்கு மேல லேசா வைக்க முடியாது. சின்னக் குழந்தைகூட இழுத்துடும்." நிறுத்தினாள். "இதுலயே அப்பாவுக்குக் கஷ்டமா இருந்திருக்கு."

"அப்ப பெட்டி இல்ல" என்றேன்.

"இல்ல."

"நீயும் இல்ல."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. தோள்கள் இரண்டும் கீழே இறங்கின. அவ்வளவு நாள் அவை மேலே தூக்கியபடி இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். பிறகு ஒரு மூச்சு வந்தது அவளுக்கு. அடிவயிற்றிலிருந்து, முழுதாக, நடுங்கிக்கொண்டே. நான் எழுந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த மூச்சு போய் அடுத்தது வருவதை என் கைகளில் உணர்ந்தேன்.

அவள் தோளுக்கு மேலாகத்தான் எனக்கு அந்த மூடி தெரிந்தது. குறட்டால் கிளிப்பை அழுத்தும்போது மூடியில் ஒரு கீறல் விழும். ரெமிக்கும் சபீனுக்கும் அது எப்போதும் ஒரே பக்கம் விழும். இந்தக் கீறல்கள் மறுபக்கம் இருந்தன. நசுங்கிய விரலோடு ரெமியால் ஒரு கிளிப்பைக்கூட அழுத்தியிருக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் இடது கைக்காரன் ஒருவன்தான்.

*

சாயங்காலம் காற்று தணிந்தபோது லுசியான் தானாகவே வந்தான். பட்டறை வாசலில் நின்றான். வினிகரில் ஊறி வெளியே வந்து பளபளத்த பெட்டியைப் பார்த்தான்.

"திறந்துட்டீங்களா?"

"நீ பூட்டினதத் திறந்துட்டோம்" என்றேன்.

தொப்பியைக் கழற்றினான். உள்ளே வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் காலி சிலிண்டர் ஒன்றின்மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"லீவரத் தூக்கினது அண்ணன்தான். சனிக்கிழமை காலையில, படகுல. என்னைப் பூட்டித் தரச் சொன்னாரு. சிலிண்டர்ல மாட்டினதும் லேசா சீறிக்கிட்டே இருந்துச்சு. என்ன அண்ணே, கிழவிங்களுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கீங்களேன்னு கேட்டேன். 'பேசாமப் பூட்டுடா'ன்னாரு."

"ஏன் சித்தப்பா எங்கிட்ட சொல்லல?" சபீனின் குரல் உயரவில்லை. அதனால்தான் அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"சொல்லக் கூடாதுன்னாரும்மா. 'பொண்ணு சரியாத்தான் வச்சிருக்கா, எனக்குத்தான் மூச்சு பத்தல. மாத்தினேன்னு தெரிஞ்சா தன் வேலையில என்னவோ குறைன்னு நினைச்சுக்குவா. மனசு சங்கடப்படும்'னாரு."

துறையில் பாய்மரக் கம்பங்களில் கயிறுகள் அடித்துக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது.

"என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு" என்றாள் சபீன்.

"ஆமா."

"அப்புறம் நீங்க எல்லார் முன்னாலயும் நின்னு, இழுக்கக் கஷ்டமா இருந்துச்சுன்னு சொன்னாருன்னு அழுதீங்க."

"அது அவரு கடைசியாப் பேசினது. கேட்டாங்க. சொன்னேன். அது உன் தலையில போய் விழும்னு எனக்குத் தோணவே இல்லடி. சத்தியமா. இன்னிக்கு மத்தியானம், 'கடைசியாப் பட்டது என் கை'ன்னியே, அப்பத்தான்..." முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொண்டான். "படகுல போய் உக்காந்திருந்தேன். திரும்பி வரத் தைரியம் வர இவ்வளவு நேரமாச்சு."

"நீங்க ஒரு கழுதை சித்தப்பா."

"கழுதைதான்."

"சாதாரணக் கழுதை இல்ல."

"இல்ல."

அவள் குறட்டை எடுத்து அவன் இடது கையில் வைத்தாள். "சவ்வு, வாத்து மூக்கு எல்லாம் புதுசு போட்டாச்சு. லீவரத் தொடல. கிளிப்பு மட்டும்தான் பாக்கி. நீங்களே பூட்டுங்க."

வாத்து மூக்கு என்பது விட்ட மூச்சை வெளியேற்றும் தட்டையான ரப்பர் வால்வு. அதன் பெயரைக் கேட்டாலே சின்ன வயதில் சபீன் குவாக் குவாக் என்று கத்துவாள். லுசியான் ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தினான். ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

பெட்டியை மேஜைமேல் இருந்த சிலிண்டரில் மாட்டித் திறந்தாள். மெல்லிய சீறல் எழுந்தது, பால் பொங்குவதற்கு முன் வருமே, அந்த மாதிரி.

"ஞாயித்துக்கிழமை நான் இறங்கறேன்மா" என்றாள். "ஆனா இந்த உயரத்துல எனக்கு ஆகாது. தண்ணிக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கும். லீவரக் கீழ வளைக்கணும்." என் முகத்தைப் பார்த்தாள். "அது அப்பா தன் கையால வச்ச உயரம். நீ வேணாம்னா நான் வேற பெட்டியோட இறங்கறேன். இது இப்படியே இருக்கட்டும்."

"எங்கிட்ட ஒரு தடவை குடு" என்றேன்.

இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் நான் ஒருநாளும் ஒரு பெட்டியை வாயில் வைத்ததில்லை. எனக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். சபீன் குழாய்களை என் தலைக்கு மேலாகப் போட்டுச் சரி செய்தாள். ரப்பரைப் பல்லில் கடித்துக்கொண்டேன். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை. இழுக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் வந்துவிட்டது. குளிர்ந்த, எந்த வாசனையும் இல்லாத காற்று, நெஞ்சு நிறைய. விட்டேன். பின்னால் வாத்து மூக்கு மெல்ல முனகியது. மறுபடி நினைத்தேன். மறுபடி வந்தது. கேட்பதற்கு முன்பே கொடுக்கிற ஒன்று. இதைத்தான் போதவில்லை என்றார் ரெமி. எப்போதிலிருந்து அவருக்கு மூச்சு இவ்வளவு குறைந்திருந்தது? அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில் படுத்திருந்தார். சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு மேடேறினார். நடுவில் நின்று, கடலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நானும் கூட நின்று பார்த்தேன்.

வாயிலிருந்து எடுத்தேன்.

"திறந்து உனக்கேத்த மாதிரி வளைச்சுக்கோ" என்றேன்.

"நிஜமாவா?"

"இறங்கப் போறது நீதானே? உன் மூச்சுக்கு இருக்கட்டும்."

அவள் என் கன்னத்தில் கன்னத்தை வைத்து அழுத்திவிட்டுச் சிலிண்டரை மூடினாள். "நாளைக்குக் காலையில பண்றேன். இப்ப கை ஓடாது. அம்மா, பசிக்குது. பயங்கரமாப் பசிக்குது. மத்தியானப் பனிஸ் மிச்சம் இருக்கா?"

"ரெண்டு உருளையும் அப்படியே இருக்கு. சட்டியில எண்ணெய ஊத்து. தீயக் குறைச்சு வை."

ஓடினாள். முப்பது வயதைத் தாண்டியவள், கொட்டகைப் படியைத் தாண்டிக் குதித்து ஓடினாள். சமையலறை விளக்கு எரிந்தது. பாத்திரம் விழுந்தது. திட்டினாள்.

லுசியானும் நானும் பெட்டியின் இரு பக்கம் நின்றோம்.

"லுசியான்."

"சொல்லுங்க அண்ணி."

"டாக்டரு என்ன சொன்னாரு அவருகிட்ட?"

டாக்டரிடம் போனாரா என்று நான் கேட்கவில்லை. தனக்கு மூச்சுப் போதவில்லை என்று அவ்வளவு அளந்து தெரிந்து வைத்திருந்த மனிதர், யாரிடமும் காட்டாமலா இருந்திருப்பார்? லுசியான் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்தான்.

"இப்பவே சொல்லணுமா?" என்றான்.

சமையலறையிலிருந்து எண்ணெய் பொரியும் ஓசை வந்தது. கூடவே சபீனின் குரல். ஏதோ பாட்டு, பாதி வார்த்தை மறந்துபோனது, மறந்த இடத்தில் வாயால் முழக்கிக்கொண்டு. லியோனுக்குப் போனபிறகு தொலைபேசியில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"வேண்டாம்" என்றேன். "இன்னிக்கு வேண்டாம். அவ சாப்பிடட்டும்."

"நாளைக்கு வரேன்."

"அவ பட்டறையில இருக்கற நேரமா வா. பின்வாசல் வழியா."

தலையாட்டினான். அப்போது அவள் உள்ளேயிருந்து கத்தினாள். "ரெண்டு பேரும் அங்கே என்ன பண்றீங்க? சித்தப்பா, ஓடிப் போகாதீங்க, உங்களுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்! அம்மா, உப்பு எங்கே வச்சே?"

"வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, லுசியானை முன்னால் போகச் சொன்னேன்.